பதினைந்து டெசிபெல்

பகலில் நான் பெருக்குவது பனியை.
கவுண்டி கொடுத்த ஆரஞ்சு வண்டி, பத்தடிக் கத்தி,
காலுமெட்டிலிருந்து காப்பர் ஹார்பர் வரை.
இரவில் பெருக்குவது
ஐந்து வாட்டை.

பெட்டி புதிது. நான்கு தவணை பாக்கி.
கையேட்டின் இரண்டாம் பக்கமே கண்டிப்புதான்:
பதினைந்து டெசிபெல்லுக்கு மேல் இது பெருக்காது.
இருபத்தாறுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவே
அந்த இரண்டு மெகாஹெர்ட்ஸ் சந்தில்
வாயே திறக்காது.

பதினைந்து டெசிபெல் என்றால் முப்பத்தொன்றரை மடங்கு.
ஐம்பது வாட் ஊட்டினால்
ஆயிரத்தைந்நூறு என்ற சட்டத்தின் கூரை தலையில் இடிக்கும்.
நான் வைத்திருக்கும் ரேடியோ கைக்கடக்கமானது.
உள்ளே ஐந்து, வெளியே நூற்றைம்பத்தெட்டு.
கூரையை அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம்.
சொந்தக் கையால் செய்தால் எத்தனை மடங்கும் செய்துகொள் என்கிறது அதே சட்டம்.
விற்பவனுக்குத்தான் கடிவாளம்.
என் கைக்கோ பிப்ரவரியில் சாவித்துவாரமே அகப்படாது.

இதற்குள்தான் வெண்டல் பாஸ்கோ கதவைத் தட்டினார்.
பைஜாமாவுக்கு மேல் பனிபூட்ஸ்.
உள்ளங்கையில், இறந்த வண்டைக் காட்டுவதுபோல்,
தன் காதுக்கருவி.

"உன் கொசு இதற்குள் புகுந்துவிட்டது ஐலா.
நீட்டுகிறது, குறுக்குகிறது, மறுபடி நீட்டுகிறது.
நேற்று ஞாயிறு பிரசங்கம் முழுக்க அதுதான்."

நேற்று நான் அந்த நேரத்தில்
ஒரு பல்கேரியனோடு தட்பவெப்பம் பேசிக்கொண்டிருந்தேன்.
சொல்லவில்லை.

அவர் பெட்டியைப் பார்த்தார். முதுகுப்பக்கம் எட்டிப் பார்த்தார்.
"இது எத்தனை மடங்கு?"
சொன்னேன்.
"இருபத்தேழில்?"
"ஊமை."
சிரித்தார் பாருங்கள், மூக்குக்கண்ணாடி கழன்று விழுகிற அளவுக்கு.

எழுபத்தேழு. லாரி இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டி,
டொலிடோ பக்கம் ரொக்கம் கொடுத்து வாங்கியது, ரசீது கிடையாது.
நான்கு வாட் அனுமதித்த இடத்தில் நானூறு.
பத்தொன்பதாம் சேனலில் வாயைத் திறந்தால்
பாதி ஒஹாயோ வழிவிடும்.
யார் வீட்டுத் தொலைக்காட்சியிலோ
கல்யாணக் காட்சியில் பாதிரியார் உதடசைக்க
"பாலத்துக்குக் கீழே போலீஸ் நிற்கிறான்" என்று
அவர் குரல் வந்ததாம்.

"அந்தச் சந்தை அடைத்தது எனக்காகத்தான்," என்றார்,
தெருவுக்குத் தன் பெயர் வைத்தவர்போல.

எரிச்சலாக இருந்தது.
என் பெட்டியில் ஊமையாய்க் கிடக்கும் இரண்டு மெகாஹெர்ட்ஸ்
நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து
காப்பி கேட்டது.

சரி, சோதிப்போம் என்றேன்.
கருவியைக் காதில் மாட்டுங்கள், கேட்டால் விரலைத் தூக்குங்கள்.
ஃபாக்லாந்தில் ஒருவன் அழைத்துக்கொண்டிருந்தான்,
மூன்று இரவாக நான் துரத்துகிறவன்.

ஐந்து வாட். விரல்.
மூன்று. விரல், முகச்சுளிப்போடு.
இரண்டு. விரல் பாதி எழுந்து யோசித்தது.
ஒன்று:
கம்பியில் இப்போது முப்பத்தொன்று.
ஏட்டுக் கணக்குப்படி இந்த இறக்கத்துக்கு
அங்கே முள் ஒரு கோடும் கொசுறும்தான் சரியவேண்டும்.
அந்த ஒரு கோட்டில்தான் நான் தொங்கிக்கொண்டிருந்தேன் என்பது
ஏட்டில் இல்லை.

தேவைக்கு மேல் ஒரு வாட்டும் கூடாது என்றும் ஒரு விதி உண்டு.
யார் தேவை என்று அதில் எழுதவில்லை.

என் அழைப்புக்குறியை அனுப்பினேன். மறுபடியும்.
தெற்கிலிருந்து, இரைச்சலின் அடிவண்டலில்,
இரண்டு புள்ளி, இரண்டு கோடு, இரண்டு புள்ளி.
கேள்விக்குறி. யாரோ இருக்கிறார்கள், யாரது?

மூன்றாம் முறை அனுப்பினேன்.
கேள்விக்குறி.

வெண்டல் விரலை மடியில் வைத்தபடி
காப்பியை ஊதிக்கொண்டிருந்தார்.
நான்காம் முறை நான் பாதி அனுப்பியிருந்தபோது
பொறுமையிழந்து கேட்டார்:
"எப்போதுதான் ஆரம்பிப்பாய்?"